நடுவில் பஸ் வந்தது

பாடநூலின் பன்னிரண்டாம் பக்கம் சொல்கிறது:
செல் என்பது ஒரு தொழிற்சாலை.
உட்கரு அதன் மேலாளர் அறை.

சிலேயின் தென்கோடியில், கெய்யோன் துறைமுகத்து இரவுப் பள்ளியில்
இதை வாசித்துவிட்டுத் தப்ப முடியாது.
என் மாணவர்கள் பதினொரு பேரும்
தொழிற்சாலையிலிருந்து நேரே வருகிறவர்கள்,
நகக்கண்ணில் குளோரின் வாசனையோடு.

"சம்பளம் எந்த ஜன்னலில்?" என்றார் எலியேசர் கார்க்கமோ.
ரோசால்பா மில்யலோங்கோ சிரிக்கவில்லை.
"மேலாளர் வராத நாளிலும் எங்களுக்கு வேலை நடக்கிறது.
அங்கே எப்படி, மிஸ்?"

அங்கேயும் உண்டு, என்றேன்.
உங்கள் சிவப்பணு
உட்கருவை வெளியே தள்ளிவிட்டுத்தான் வேலைக்கே இறங்குகிறது.
நூற்றிருபது நாள் ஓடுகிறது.
"அதற்கப்புறம்?"
மண்ணீரல் அதைப் பிரித்துப் போடும்.
"பென்ஷன் இல்லை" என்று
பின்வரிசையில் யாரோ வாக்கியத்தை முடித்தார்கள்.

வெங்காயத் தோலை ஏற்கெனவே பார்த்தாயிற்று.
கன்னத்தின் உட்புறம் சுரண்டி
அவரவர் செல்லை அவரவர் பார்த்தாயிற்று.
எல்லாம் அயோடினில் செத்தவை என்றதும்
வகுப்புக்கு ஏமாற்றம்.
"உயிரோடு ஒன்று இல்லையா?"

அடுத்த வியாழன் ரோசால்பா வாளியோடு வந்தார்.
கடல்நீரில் ஆறு முள்ளெலிகள்,
முட்கள் இன்னும் எதையோ தேடிக்கொண்டிருந்தன.
நாளைக்கு நானூறு உடைக்கிற கை.
கத்தி எப்போது நுழைந்தது, எப்போது திரும்பியது,
என் கண்ணுக்குச் சிக்கவில்லை.
"இது மஞ்சள். இது பால் விடுகிற ரகம்,
ஜப்பான்காரன் வாங்கமாட்டான், தனியாக ஒதுக்குவோம்."

மஞ்சள் முட்டை, பால் விந்து என்றேன்.
பதினாறு வருடமாக அவர் மேசையில் பிரித்து வைத்தது
பெண்ணையும் ஆணையும்.
அவர் கத்தியைத் துடைத்தார்.
துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

இருப்பது ஒரே நுண்ணோக்கி.
அதன் கண்ணாடி உடைந்து இரண்டு வருடம்,
எலியேசரின் போன் விளக்குதான் சூரியன்.
ஏழு நாற்பதுக்கு ஒரு துளியோடு ஒரு துளி.
ஒரு நிமிடம்கூட இல்லை,
காய்ச்சிய பாலில் ஆடை எழும்புவதுபோல்
முட்டையைச் சுற்றி வளையம் எழுந்து நின்றது.
"ஒருத்தன் உள்ளே போனான், கேட்டைச் சாத்திவிட்டார்கள்"
என்றார் அந்த ஷிப்டுக்கு எப்போதும் தாமதமாய்ப் போகிறவர்.

இனி இரண்டாகப் பிரியும். ஒன்றரை மணி நேரமாவது ஆகும்.
சூடேறாமலிருக்கச் சில்லுக்கு அடியில் மீன்பெட்டி ஐஸ்.
காத்திருந்த நேரத்தில் பலகையில் வரைந்தேன்:
பிரிவதற்கு முன் உட்கருவின் சுவர் கரைந்துவிடும்.

சுண்ணக்கட்டி நின்றது. யாரும் பேசவில்லை.
"மேலாளர் அறைக்குச் சுவரே இல்லாமலா?"
கரையாமல் பிரியவே முடியாது, என்றேன்.
மேசைகளைத் தட்டினார்கள்.
பக்கத்து வகுப்பின் கணக்கு வாத்தியார்
எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்பது பத்துக்குக் கடைசி பஸ்.
அதை விட்டால் மழையில் எட்டு கிலோமீட்டர்.
ஹாரன் கேட்டது.
போகலாம், இருக்கலாம், பிள்ளை தனியாக இருக்கிறாள்,
நாளைக்குக் காலை ஷிப்டு,
உன் வண்டியில் எத்தனை பேர் ஏறலாம்.
நான்கு பேர் ஓடினார்கள்.
மற்றவர்கள் ஜன்னலில் நின்று
அவர்கள் ஏறுவதைப் பார்த்தார்கள்.
நானும்தான்.

திரும்பிவந்து குனிந்தபோது
இரண்டு.
பக்கத்துப் பக்கத்தில், ஒன்றையொன்று லேசாக நசுக்கிக்கொண்டு,
எப்போதும் இரண்டாகவே இருந்ததுபோல்.

வரிசையில் நின்று எல்லோரும் பார்த்தார்கள்.
வீடியோ இருக்கிறது, வகுப்பில் போடுகிறேன் என்றேன்.
யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஞாயிறு இரவு பயிற்சிக் குறிப்பேடுகள் திருத்தினேன்.
பாடநூலைப் பார்த்து எழுதியவர்கள் அதிகம்:
குறுக்கே பள்ளம் விழுந்தது, ஆழமானது, பிரிந்தது.
காணாததைக் கண்டதாக அழகான கையெழுத்து.
ரோசால்பாவின் பக்கத்தில் இரண்டு வட்டமும்
ஈரக்கை பட்டு ஊறிய மையும்:

7.40, ஒன்று.
9.25, இரண்டு.
நடுவில் பஸ் வந்தது. ஏறவில்லை.